மலைச்சாலையில் சிறிய ஸ்போர்ட்ஸ் பைக்: குணமும் குறையும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மறையூர், போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி. இவ்வூர்களிலும் இவற்றைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாநில எல்லை என்பது அடிக்கடி தாண்டும் ஒரு வாசற்படியே. கல்லூரிக்குக் கோவை, சந்தைக்குப் பொள்ளாச்சி, துணிமணி எடுக்கக் கம்பம், மருத்துவருக்குத் தேனி என்று வாழ்க்கை இருபுறமும் பரவிக் கிடக்கிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இரவு அங்கேயே தங்க நேரும் ஊர்களும் உண்டு. ஆகவே இங்கே இருசக்கர வாகனம் ஆடம்பரம் என்ற நிலையைக் கடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

அத்தகைய வீடுகளில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளை, ‘ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா?’ என்று கேட்கும் நாளில் ஒரு வாதம் தொடங்குகிறது. ‘உயிருக்கு உலை வைக்கும் வண்டி’ என்கிறார்கள் மூத்தோர். ‘ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்’ என்கிறார்கள் இளையோர். வங்கியில் கடன் விண்ணப்பம் நிரப்பப்படும் வரை அந்த வாதம் ஓய்வதில்லை. சில வீடுகளில் தவணை முடிந்த பிறகும் ஓய்வதில்லை.

இவ்வகை வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக இரு மாவட்டங்களின் எல்லைச் சாலைகளிலும் ஓட்டி வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். இரு தரப்பினரும் வண்டியின் வேகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். சிறிய ஸ்போர்ட்ஸ் பைக்கின் தலையாய குணம், அது நிற்கும் விதத்திலும் வளையும் விதத்திலும் இருக்கிறது. அதன் தலையாய குறை, பின்னால் அமர்பவருக்கும் வீட்டுக் கணக்கிற்கும் அது தரும் சிரமத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர அறிந்து வாங்குபவருக்கு அது நல்ல துணை. வேகத்திற்காக மட்டும் வாங்குபவருக்கு, ஓராண்டிலேயே அது சுமையாகத் தோன்றத் தொடங்கும்.

சிறிய எஞ்சினுக்குப் பெரிய சட்டகம்

நம் நாட்டில் சிறிய வண்டியின் மீது இளைஞர்கள் கொண்ட காதலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1985-இல் வந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ்.100, வெறும் 98 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டு ஒரு தலைமுறையையே மயக்கியது. 1999-இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட்டும், 2001-இல் பஜாஜ் பல்சரும் வந்து நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் விறுவிறுப்பு உண்டு என்று காட்டின. ஆயினும் இவை யாவும் எஞ்சினை முதன்மையாகக் கொண்டு பேசப்பட்ட வண்டிகளே.

2008-இல் வந்த யமஹா ஆர்15 அந்தப் பேச்சை மாற்றியது. அதன் எஞ்சின் 149.8 சி.சி. மட்டுமே, திறன் 17 குதிரைத்திறன். ஆனால் பெரிய பந்தய வண்டிகளுக்குரிய டெல்டாபாக்ஸ் சட்டகம், நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின், நான்கு வால்வுகள், கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் தெளிப்பு முறை, ஆறு கியர்கள் ஆகியவற்றை அது சிறிய வண்டிக்குக் கொண்டு வந்தது. சுருங்கச் சொன்னால், எஞ்சின் தரும் வேகத்தைவிட அதிக வேகத்தைத் தாங்கவல்ல உடல் அதற்கு வாய்த்தது. பின்னர் 2014-இல் கே.டி.எம். ஆர்.சி. 200, 2015-இல் சுசுகி ஜிக்சர் எஸ்.எஃப்., 2017 டிசம்பரில் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 எனப் பலவும் அதே பாதையில் வந்தன. ஆர்15 வண்டியும் 2011, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. இன்று 155 சி.சி. எஞ்சினும் 18.4 குதிரைத்திறனும் ஏறத்தாழ 142 கிலோ எடையும் கொண்டதாய் விளங்குகிறது. இவ்வகையின் குணங்களும் குறைகளும் இதில் தெளிவாகத் தெரிவதால், இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

மலை ஏறும்போது தெரியும் குணங்கள்

பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்ல விரும்புவோர்க்குப் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழி இயல்பானது. கேரளத்திலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டைக் கடந்து, மீண்டும் கேரளத்துள் நுழையும் வழி அது. உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கி.மீ. சமவெளியின் வெம்மையில் தொடங்கி, மழைமறைவுக் காட்டைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ள தேயிலைத் தோட்டங்களில் முடிகிறது. ஒரு வண்டியின் இயல்பை அறிய இந்த ஒரு சாலை போதும்.

உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்துவிடுவதால் எந்த எஞ்சினும் அந்த அளவுக்குத் திறன் இழக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் அங்கே பெட்ரோலை அளவுக்கு மேல் குடித்து, கரும்புகை கக்கித் திணறுவதைக் கண்டிருப்பீர்கள். எரிபொருள் தெளிப்பு முறை காற்றின் அளவை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக் கொள்கிறது. இழந்த திறன் திரும்பி வராது என்றாலும் திணறல் இருக்காது. குளிர்ந்த காலையில் முதல் பொத்தானுக்கே எஞ்சின் உயிர்பெறும்.

இரண்டாவது குணம் வளைவுகளில் தெரியும். இறுக்கமான சட்டகமும், முன்னே சாய்ந்த உடல் முன்சக்கரத்தின் மீது ஏற்றும் எடையும், அகன்ற பின்டயரும் சேர்ந்து வண்டியை நினைத்த கோட்டிலேயே கொண்டு செல்கின்றன. மறையூரிலிருந்து மூணாறு நோக்கி ஏறும் நீண்ட வளைவுகளில், மணிக்கு 40 கி.மீ. வேகத்திலேயே இந்த நிதானத்தை உணரலாம். அதை அறிய 80-ஐத் தொட வேண்டியதில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் நிறுத்தும் திறன். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். வளைவைத் திரும்பியதும் எதிரே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப் நிற்கும் சாலைகளில் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்திற்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் ஒரு சக்கரத்திற்கு இருந்தாலே சட்டம் நிறைவடைந்துவிடும். சிறிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் பலவற்றில் அது இரு சக்கரங்களுக்கும் உண்டு. ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கிச் செல்லாமல் காக்கும் இந்த அமைப்புக்காகவே, விலையில் சில ஆயிரம் கூடினாலும் தயங்க வேண்டாம் என்பேன். பழைய வண்டி வாங்குவோர் 2019-க்கு முந்தைய வண்டியில் ஏ.பி.எஸ். உள்ளதா என்று முதலில் பார்ப்பது நலம்.

இறங்கும்போது தெரியும் குறைகள்

ஏற்றத்தில் மகிழ்வித்த வண்டி, இறக்கத்தில் மணிக்கட்டைப் பதம் பார்க்கும். ஹேண்டில்பார் தாழ்ந்து, கால் வைக்கும் இடம் பின்னே தள்ளியிருப்பதால், இறக்கத்தில் உடலின் எடை முழுவதும் உள்ளங்கைகளில் இறங்குகிறது. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரையிலான 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி முடிக்கும்போது தோளும் கழுத்தும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். முழங்கால்களால் டேங்க்கைப் பற்றிக்கொண்டு, முதுகின் வலிமையில் உடலைத் தாங்கப் பழகினால் இது பாதியாகக் குறையும், முழுதும் மறையாது. முதுகுவலி உள்ளவர்களுக்கு இவ்வண்டியை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது திருப்பம். தாழ்ந்த ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது. சாதாரண வண்டி ஒரே வீச்சில் திரும்பும் குறுகிய சாலையில் இது இருமுறை முன்பின் நகர வேண்டும். சந்தைத் தெருவில் இது சிறு தொல்லை. சின்னாறு காட்டுச்சாலையில் யானை நிற்கும்போது அது பெருந்தொல்லை. ஆகவே அங்கே தொலைவிலேயே நின்றுவிடுவதும், பின்வாங்க இடம் வைத்துக்கொள்வதும், ஒலிப்பானைத் தொடாதிருப்பதும் எல்லா வண்டியோட்டிகளையும்விட இவ்வண்டியோட்டிக்கு அதிகம் பொருந்தும்.

எஞ்சினின் இயல்பும் ஒரு குறையே. மேற்சொன்ன 18.4 குதிரைத்திறன் நிமிடத்திற்கு 10,000 சுற்றுகளில் கிடைப்பது. கீழ்ச்சுற்றுகளில் சாதாரண 150 சி.சி. வண்டியைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 15 கி.மீ.க்குக் குறையும்போது முதல் கியருக்கு இறங்காவிட்டால் எஞ்சின் நின்றுவிடும் போலிருக்கும். கியரை அடிக்கடி மாற்ற விரும்பாதவருக்கு இது அலுப்பு. விரும்புபவருக்கு இதுவே இன்பம்.

காற்றையும் மறக்கலாகாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அச்சாலைகளிலும், இடுக்கியில் ராமக்கல்மேட்டு முகட்டிலும் பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு முழம் நகர்த்திவிடும். எதிர்க்காற்றைக் கிழிக்க உதவும் அதே பக்க உறை, பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரமாகிறது. லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளிப்படும் கணத்தில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை பின்னிருக்கை. முன்னிருக்கையே தரையிலிருந்து 815 மில்லிமீட்டர் உயரம். அதற்கும் மேலே, பலகை போன்ற சிறு இருக்கையில், பற்றிக்கொள்ள வசதியான பிடியின்றி அமர வேண்டும். புடவை உடுத்திய அம்மாவோ, முழங்கால் வலியுள்ள அப்பாவோ அதில் ஏறுவதே பெரும்பாடு. எல்லைப்புற வாழ்க்கையில் வண்டி என்பது பெரும்பாலும் இருவர் செல்லும் வண்டி: மருத்துவமனைக்கு அம்மா, பள்ளிக்குத் தங்கை, திருமணத்திற்கு மனைவி. கூடவே ஒரு பையும் ஒரு தேங்காய் மூட்டையும். இவ்வண்டி இவற்றுள் எதற்கும் ஏற்றதன்று. வீட்டில் இருப்பது ஒரே வாகனம் என்றால், அது ஸ்போர்ட்ஸ் பைக்காக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறையை நீக்கினால் குணமும் போகும்

இக்குறைகளைத் தனித்தனியே சரிசெய்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஹேண்டில்பாரை உயர்த்தினால் மணிக்கட்டு தப்பும். ஆனால் முன்சக்கரத்தின் மீதான எடை குறைந்து, வளைவில் இருந்த உறுதி தளரும். பக்க உறையைக் கழற்றினால் காற்றின் தள்ளல் குறையும். நீண்ட பயணத்தில் மார்பில் மோதும் காற்று களைப்பூட்டும். பின்சக்கரப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஏற்றத்தில் இழுவை கூடும்; நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் அலறும். இவ்வண்டியின் குணமும் குறையும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

நிமிர்ந்து அமரவும் வேண்டும், அந்த எஞ்சினும் வேண்டும் என்போர்க்கு வேறு வழி உண்டு. ஆர்15-இன் அதே 155 சி.சி. எஞ்சினை, உறையின்றி, உயர்ந்த ஹேண்டில்பாருடன் எம்.டி.15 என்ற பெயரில் 2019-இல் அந்நிறுவனமே வெளியிட்டது. பிற நிறுவனங்களிலும் இத்தகைய இணை வண்டிகள் உள்ளன. கடையில் இரண்டிலும் அமர்ந்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்துப் பின் முடிவெடுக்கலாம். முடிந்தால் பின்னால் அமரப் போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் முகமே பாதி விடை சொல்லிவிடும்.

விலைக்கு அப்பால் ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வாங்குவோர்க்கு இது நற்செய்தி. ஆனால் விலை என்பது முதல் நாள் செலவு மட்டுமே.

கடனின் காலத்தை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, ரூ.1,50,000 கடனுக்கு ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்று கொண்டால், 36 மாதத் தவணை சுமார் ரூ.4,982. அதையே 60 மாதமாக நீட்டினால் தவணை சுமார் ரூ.3,337 ஆகக் குறையும். குறைந்த தவணை கண்ணைக் கவரும். ஆனால் முதலாவதில் மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.29,400, இரண்டாவதில் ரூ.50,200. இடைப்பட்ட சுமார் ரூ.20,800, நல்ல தலைக்கவசம், மழைக்கால உடை, டயர் ஆகியவற்றுக்கு உதவும் தொகை. தாங்கக்கூடிய அளவில் குறுகிய காலத்தையே தேர்ந்தெடுங்கள்.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்திற்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஐந்தாண்டுத் தொகை ரூ.3,851. 150-க்கு மேல் 350 சி.சி. வரை ரூ.7,365, வரி தனி. முதல் ஆர்15-இன் 149.8 சி.சி. முந்தைய பிரிவில் அடங்கும். இன்றைய 155 சி.சி. அடுத்த பிரிவுக்குத் தாவிவிட்டது. ஐந்து சி.சி. வேறுபாட்டின் விலை ரூ.3,514.

சொந்தச் சேதக் காப்பீட்டில் கவனிக்க வேண்டியது பக்க உறை. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. சாதாரண வண்டி சரிந்தால் கண்ணாடியும் கைப்பிடியும் உடையும். ஸ்போர்ட்ஸ் பைக் நின்ற இடத்தில் சரிந்தாலே உறையின் ஒரு பக்கம் முழுவதும் கீறும் அல்லது பிளக்கும். ஆகவே தேய்மானக் கழிவில்லாத கூடுதல் காப்பு, பிற வண்டிகளைவிட இவ்வண்டிக்கே அதிகம் பயன்படும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பையும், வேறு பாலிசியில் அது ஏற்கெனவே இல்லாதபோது, விட்டுவிடாதீர்கள்.

எல்லைப்புற வாசிகளுக்கென்றே ஒரு செய்தி. கோவையிலோ தேனியிலோ உறவினர் முகவரியில் வண்டியைப் பதிந்து, கேரளத்தில் வைத்து ஓட்டும் வழக்கம் உண்டு. அன்றாடம் எல்லை கடந்து போய்வருவதில் தடையில்லை. ஆனால் ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். வண்டி உண்மையில் உறங்கும் ஊரின் முகவரியிலேயே முதலில் பதிந்துவிட்டால் இத்தனை அலைச்சலும் மிச்சம். கடன் முடிந்ததும் வங்கியிடம் 35-ஆம் எண் படிவத்தைப் பெற்று, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்வதும் மறக்கக் கூடாத கடமை. விற்கும் நாளில் அது இல்லாமல் ஓடுவோர் பலர்.

பேணினால் உழைக்கும்

இவ்வண்டி கவனிப்பை எதிர்பார்க்கும். செயின் திறந்திருப்பதால் மழைநாள் பயணத்திற்குப் பின் துடைத்து எண்ணெயிட வேண்டும். ரேடியேட்டர் முன்சக்கரத்தின் பின்னேயே இருப்பதால் சேறும் சிறுகல்லும் அதில் படியும். கூலன்ட் அளவை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். நீண்ட இறக்கங்களில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்கி எஞ்சினையே பாதி பிரேக்காகப் பயன்படுத்துவது மலைவாசிகள் அறிந்த பாடம். டயரின் பள்ளங்கள் தேய்ந்த பின் ஒரு பருவமழையை ஓட்டித் தள்ளிவிடலாம் என்று எண்ணுவது பொய்ச் சிக்கனம்.

மலையூர்களில் இவ்வண்டிக்குப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் கிடைப்பது அரிது. ஆகவே கிளட்ச் கேபிள் ஒன்றையும் டயர் ஒட்டும் கருவியையும் உடன் வைத்துக்கொள்வது, பூப்பாறையிலோ சின்னாற்றிலோ ஓர் இரவைக் காக்கும். 11 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்க, நிதானமாக ஓட்டினால் 400 கி.மீ. அளவுக்குச் செல்லலாம். காட்டுச்சாலைக்குள் நுழையுமுன் பெட்ரோலை நிரப்பிக்கொள்வதே அறிவுடைமை.

மூத்தோர்க்கு ஒரு வேண்டுகோள். வண்டியின் உருவத்தை வைத்து அதை வெறுக்க வேண்டாம். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள வண்டியை நிதானமாக ஓட்டும் பிள்ளை, தேய்ந்த டயருடன் மூவரை ஏற்றிச் செல்லும் பழைய வண்டிக்காரரைவிடப் பாதுகாப்பானவர். ‘எவ்வளவு வேகம் போகும்?’ என்று கேட்பதைவிட, ‘தலைக்கவசம் வாங்கினாயா? காப்பீடு எடுத்தாயா? தவணை போக மாதம் எவ்வளவு மிஞ்சும்?’ என்று கேளுங்கள்.

இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். தனியாகச் செல்பவராகவும், வீட்டில் வேறொரு வண்டி இருப்பவராகவும், முதுகு நலமாய் உள்ளவராகவும், தவணை கட்டிய பின்னும் பேணுவதற்குக் கையில் பணம் மிஞ்சுபவராகவும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். மலைச்சாலையில் இவ்வளவு இன்பமும் உறுதியும் தரும் வண்டி இந்த விலையில் வேறில்லை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓராண்டு பொறுத்திருந்து, அந்தத் தவணைத் தொகையை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மாதங்களும் விடாமல் போட முடிந்தால் வண்டியைத் தாங்கும் வலிமை உங்கள் வருமானத்திற்கு உண்டு. கடனும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.